கொசுறாக வந்த கண்டெய்னர்

தற்சார்பு வாரியத்தின் அலுவலகத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது, இவர்கள் இடத்தைக் காலி செய்துகொண்டு போகிறார்களோ என்றுதான் பைக்காரர் நினைத்தார். மேசைக்கு உறை, நாற்காலிக்கு உறை, மின்விசிறிக்கு உறை, கணினிக்கு உறை. எல்லாம் ஒரே காக்கித் துணி. சுவரில் கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு காக்கி மூட்டை தொங்கியது. உள்ளேயிருந்து டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது.

"வெள்ளையடிக்கப் போறீங்களா சார்?" என்று எதிரில் இருந்தவரிடம் கேட்டார்.

எதிரில் இருந்தவர் பிறப்பாய்வாளர். ஒரு பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. மெலிந்த மனிதர். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். பைக்காரரின் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது கொள்கை முடிவு," என்றார். "அந்நியப் பொருள் கண்ணுல படக்கூடாது."

விஷயம் இதுதான். நாட்டில் சீனச் சாமான் பெருகிவிட்டது, அதை ஒழித்துக்கட்டியே தீருவது என்று வாரியம் ஒன்றை அமைத்தார்கள். வாரியம் என்றால் உட்கார நாற்காலி வேண்டாமா? வாங்கினார்கள். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சீனாவில் செய்தது என்று எழுதியிருந்தது. மேசையும் அப்படி, விசிறியும் அப்படி. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டுத் தரையில் உட்காரலாம் என்றால், தரையில் பதித்த ஓடும் அங்கிருந்துதான் வந்திருந்தது. கூட்டம் போட்டு, காரசாரமாகப் பேசி, கடைசியில் உறை போடுவது என்று தீர்மானித்தார்கள். உறைத் துணி உள்நாட்டில் நெய்தது. வெளியே தெரிவது உள்நாடு என்றால் உள்ளே இருப்பதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? தட்டச்சு செய்கிற அம்மா உறைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவித் துழாவி அடித்துக்கொண்டிருந்தார். என்ன அடிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. வாரியத்தின் உத்தரவுகள் ஏன் யாருக்கும் புரிவதில்லை என்ற சந்தேகம் பைக்காரருக்கு அங்கே தீர்ந்தது. மணி பார்க்க முடியாததால், பசி எடுத்தால் மதியம் என்று வைத்துக்கொண்டார்கள். பிறப்பாய்வாளருக்குப் பசி சீக்கிரம் எடுக்கும்.

பைக்காரர் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூடப் பை தைத்து விற்பவர். நீளமான ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, வரிசையாகத் தையல் மெஷின்களைப் போட்டு, பெண்களை வேலைக்கு வைத்திருந்தார். துணி வெட்டுவது, தைத்ததைச் சரிபார்ப்பது, தைக்கிறவர்களை அதட்டுவது, அவர்களுக்கு உடம்பு முடியாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் மனைவியின் பொறுப்பு. துணியும் நூலும் உள்ளூரில் கிடைத்தன. ஜிப் மட்டும் சீனாவிலிருந்து வரவேண்டும். பைத் தொழிலில் ஜிப் முழுசாக வராது. பல் வைத்த நாடா பெரிய பெரிய சுருள்களாக வரும். அதைத் திறந்து மூடுகிற ரன்னர் தனிப் பெட்டிகளில் வரும். வேண்டிய நீளத்துக்கு நாடாவை வெட்டி, ரன்னரைக் கோத்துத் தைத்தால்தான் பைக்கு வாய் வந்ததாக அர்த்தம்.

இந்த வருஷம் கூடத்தின் வரலாற்றிலேயே பெரிய ஆர்டர் வந்திருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பைகள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். போகாவிட்டால் அடுத்த வருஷம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். பைகள் எல்லாம் தைத்தாகிவிட்டன, ஜிப் ஒன்றைத் தவிர. கூரை வரை அடுக்கிய பைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஜிப் வந்த கண்டெய்னரைத் துறைமுகத்தில் வாரியம் பிடித்து வைத்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது தைக்கிற பெண்கள் எல்லோரும் அவர் மனைவியிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அக்கா, நாளைக்கு வரணுமா?"

அந்தக் கேள்விதான் பைக்காரரை வாரியத்துக்குத் துரத்தியது.

பிறப்பாய்வாளர் மேசை உறையின் மேல் ஒரு நாடாச் சுருளை வைத்தார். "இது எங்க பிறந்துச்சு?"

"சீனாவுல சார்."

"அதை நீங்க சொல்லக்கூடாது. அதைச் சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்." சுருளை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "நூல் வாசனை அடிக்குதே."

"நூல் நம்ம நாட்டு நூல் சார். இங்கேர்ந்து வாங்கிட்டுப் போய்த்தான் அங்க நாடா நெய்யுறாங்க. நம்ம நூல் இல்லன்னா அவங்க தறி ஓடாது."

பிறப்பாய்வாளர் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அதை முதல்லயே சொல்ல வேண்டாமா? அப்போ இது நம்ம வீட்டுப் பொண்ணு. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கு. வாசல்ல நிறுத்தலாமா?"

"ஆனா பல்லு அங்க வச்சது சார்," என்றார் பைக்காரர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"பல்லு பிறந்ததுக்கு அப்புறம்தானே முளைக்குது? பிறப்பாய்வுல பல்லு சேராது."

இவ்வளவு நல்லபடியாகப் போகிறதே என்று பைக்காரர் மூச்சு விடுவதற்குள், பிறப்பாய்வாளர் ரன்னர் ஒன்றை எடுத்து மோந்தார். மூக்கைச் சுளித்தார். அதில் நூல் இல்லை. வெறும் உலோகம்.

"இது சுத்த அந்நியம். விட முடியாது."

"அது இல்லாம ஜிப் மூடாது சார்."

"மூடலைன்னா திறந்திருக்கும். என்ன குறைஞ்சு போச்சு? பிள்ளைங்க திறந்த மனசோட வளரட்டும்."

"புஸ்தகம் கீழ விழுந்துடும் சார்."

"குனிஞ்சு எடுத்தா உடம்புக்கு நல்லது," என்றார் பிறப்பாய்வாளர். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்து, மதியமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து போனார். வெளியே வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

நாடாச் சுருள்கள் கூடத்துக்கு வந்தன. ரன்னர் பெட்டிகள் சிறையில் இருந்தன. நாடாவை வெட்டிப் பையில் வைத்துத் தைத்துப் பார்த்தார்கள். முன்பு வாயைப் பிளந்து கிடந்த பைகள் இப்போது பல்லையும் காட்டிக்கொண்டு கிடந்தன. பைக்காரர் அவற்றைப் பார்க்கவே பயந்து முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

இதற்கிடையில் வாரியக் கிடங்கில் ஒரு கலவரம். பிடித்து வைத்த பெட்டிகளைப் பில்லோடு ஒத்துப் பார்த்தபோது ஒரு பெட்டி அதிகமாக இருந்தது. சின்னப் பெட்டிதான். நிறைய ரன்னர். ஆனால் பில்லில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பைக்காரருக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள்.

"இது என்ன?" என்று பிறப்பாய்வாளர் கேட்டார்.

"கொசுறு சார்."

"கொசுறுன்னா?"

"கொசுறு தெரியாதா சார்? காய் வாங்கினா ஒரு பிடி கொத்தமல்லி போடுவாங்கள்ல, அது மாதிரி. ரன்னர்ல ஒண்ணு ரெண்டு உடையும், ஒண்ணு ரெண்டு தொலையும். அதுக்காக அந்தம்மா எப்பவும் மேல கொஞ்சம் போட்டு அனுப்புவாங்க. அதுக்கு விலை கிடையாது, பில்லும் கிடையாது."

அந்தம்மா என்று அவர் சொன்னது ஜிப் ஆலையின் முதலாளியம்மாவை. பைக்காரரின் மனைவி வைத்த பெயர் ஜிப்பம்மா. இரண்டு பேரும் அவரை நேரில் பார்த்ததில்லை. இவர்கள் பேசுவதைக் கைபேசி சீனத்தில் சொல்லும், அவர் பேசுவதைத் தமிழில் சொல்லும். கொசுறு என்ற சொல்லை மட்டும் கைபேசியால் சொல்ல முடியவில்லை. அதனால் ஒருநாள் பைக்காரர் காய்க் கடைக்குப் போய், கடைக்காரர் காயோடு கொத்தமல்லியைத் தூக்கிப் போடுவதைப் படம் பிடித்து அனுப்பினார். ஜிப்பம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் சந்தையில் வெங்காயத்தாள் போடுவார்கள் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து கேட்காமலே கொசுறு வந்துகொண்டிருந்தது.

பிறப்பாய்வாளருக்கு இது பிடிபடவில்லை. ஒரு ரன்னரை மோந்து பார்த்தார். காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் பைக்காரரை இழுத்துக்கொண்டு வாரியத் தலைவரிடம் போனார்.

தலைவர் மேடையிலேயே வளர்ந்தவர். எதிரில் ஒரே ஆள் இருந்தாலும் பன்மையில்தான் பேசுவார். பிறப்பாய்வாளர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பெருமக்களே," என்று பைக்காரரைப் பார்த்து ஆரம்பித்தார். "அந்நியப் பொருள்னா என்ன? வெளிநாட்டுக்காரன்கிட்ட வாங்கினது. இதை நீங்க வாங்கினீங்களா?"

"வாங்கலைங்கய்யா. அவங்களா போட்டாங்க."

"பில் இருக்கா?"

"இல்லைங்கய்யா."

"வாங்கலை, பில் இல்லை. அப்போ இது இறக்குமதி கிடையாது. இறக்குமதி இல்லாத ஒரு பொருள் நம்ம நாட்டுக்குள்ள இருக்குன்னா அது எங்க பிறந்ததா இருக்கும்?"

பைக்காரர், பிறப்பாய்வாளர், மூலையில் இருந்த தட்டச்சு அம்மா மூன்று பேரும் யோசித்தார்கள்.

"எங்க பிறந்துச்சுன்னு தெரியாததெல்லாம் இங்கதான் பிறந்துச்சு," என்றார் தலைவர். "எழுதிக்கோங்க."

தட்டச்சு அம்மா உறைக்குள் கையை விட்டார். கொசுறுப் பெட்டி உள்நாட்டுத் தயாரிப்பு என்ற முத்திரையோடு அன்றே கூடத்துக்கு வந்தது. விலை கொடுத்து வாங்கிய மற்றப் பெட்டிகள் கிடங்கிலேயே கிடந்தன.

கொசுறு எத்தனை பைக்கு வரும்? மெஷின்கள் சடசடவென்று ஓடின. மத்தியானத்துக்குள் ரன்னர் தீர்ந்து சத்தம் அடங்கிவிட்டது. பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாயங்காலம் அதே கேள்வி வந்தது. பைக்காரரின் மனைவி நேரே கணவனிடம் வந்தாள்.

"ஏங்க, கொசுறைக் கொஞ்சம் பெருசாக் கேட்டா என்ன?"

"எவ்வளவு பெருசா?"

"ஒரு கண்டெய்னர்."

பைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிற முகமாகத் தெரியவில்லை. தயங்கித் தயங்கி ஜிப்பம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். ஒரு சுருள் நாடா வாங்கிக்கொள்கிறோம், விலை எல்லாவற்றையும் அந்த நாடாவின் தலையில் போட்டுவிடுங்கள், ரன்னர் மட்டும் கொசுறாக வரட்டும். கைபேசி அதைச் சீனத்தில் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. பதிலும் மெதுவாகத்தான் வந்தது.

"மதிப்பிற்குரிய பைக்காரரே. காய்கறியை விடக் கொத்தமல்லி பெரியதாக இருக்கிறது. உங்கள் வாரியம் எனக்குப் புரியவில்லை. ஆனால் உங்கள் நூலை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் தைக்காவிட்டால் நான் எதற்கு நெய்வது? என்னுடைய பெண்களும் நாளைக்கு வரவேண்டுமா என்று கேட்கிறார்கள். கொசுறு அனுப்புகிறேன்."

பைக்காரரின் மனைவி அந்தப் பதிலை இரண்டு முறை போட்டுக் கேட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், அங்கயும் அதே கதைதானா," என்றாள்.

கொசுறு வந்தது. கப்பலில், ஒரு முழுக் கண்டெய்னர். பில்லில் ஒரே ஒரு சுருள் நாடா. பிறப்பாய்வாளர் சுருளை மோந்து, நம் வீட்டுப் பெண் என்று சொல்லி உள்ளே விட்டார். மற்றதெல்லாம் கொசுறு, ஆகவே இங்கேயே பிறந்தது. கூடத்தில் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. பாதி ஆர்டர் கூடத்தை விட்டுக் கிளம்பியது. மீதிப் பாதிக்கு இன்னொரு கொசுறு சொல்லி வைத்தார்கள்.

ஊரில் இருக்கிற வியாபாரிகள் என்ன வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர்களா? விஷயம் பரவிவிட்டது. ஒருவர் ஒரு ஊசி வாங்கினார், தையல் மெஷின்கள் கொசுறாக வந்தன. இன்னொருவர் பல்பு ஒன்று வாங்கினார், மின்விசிறி கொசுறு. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒரே ஒரு திருகாணி வாங்கி, கிரேன் ஒன்றைக் கொசுறாக இறக்கினார். அதை மோந்து பார்ப்பதற்காகப் பிறப்பாய்வாளரை ஏணி வைத்து ஏற்ற வேண்டியதாயிற்று.

வாரியத்தில் கணக்குப் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். இறக்குமதி அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. நாடு முழுவதும் சேர்த்து நாடாச் சுருள், ஊசி, பல்பு, திருகாணி, அவ்வளவுதான். உள்நாட்டு உற்பத்தியோ வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. உள்நாட்டு ரன்னர் உற்பத்தியில் பைக்காரர்தான் முதலிடம் என்று தெரிந்ததும், விருது கொடுத்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார். விருதுக்கு முன்னால் தொழிற்சாலையைப் பார்வையிட வேண்டும் என்பது வாரியத்தின் வழக்கம்.

செய்தி கேட்டதும் பைக்காரர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ரன்னர் செய்ய அச்சு வேண்டும், உலை வேண்டும். கூடத்தில் இருப்பதெல்லாம் தையல் மெஷின். எங்கேயாவது ஓடிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார். அதற்குள் பிறப்பாய்வாளர் குறிப்பேட்டோடு வந்து நின்றுவிட்டார்.

"ரன்னர் எங்க தயாராகுது?"

பைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி முன்னால் வந்து, அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டினாள். "அங்கங்க."

"எப்படித் தயாரிக்கிறீங்க?"

"பெட்டியைத் திறந்தா வருதுங்க."

பிறப்பாய்வாளர் திறந்து பார்த்தார். வந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதிலிருந்தும் வந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, கழிவும் இல்லை. இப்படி ஒரு தொழில்நுட்பத்தை அவர் பார்த்ததே இல்லை. பெட்டி திறப்பு முறை உற்பத்தி என்று குறிப்பேட்டில் குறித்துக்கொண்டார். வாரியம் அந்த முறையை நாடெங்கும் பரப்பத் தீர்மானித்தது. வேலையில்லாதவர்களுக்குப் பெட்டி திறக்கப் பயிற்சி மையம் வைத்தார்கள். கத்தியால் திறப்போர் பிரிவு, கத்தரியால் திறப்போர் பிரிவு, கையாலேயே கிழிப்போருக்கு உயர்நிலைப் பிரிவு. எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் அதில் சேரச் சிபாரிசு தேடி அலைந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருது விழாவில் பைக்காரரை மேடையில் நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலிக்கு உறை போட மறந்துவிட்டதால், அடியில் இருக்கும் எழுத்தை யாரும் பார்த்துவிடாமல் இருக்க, கடைசி வரை எழுந்திருக்கக் கூடாது என்று அவர் காதில் சொல்லி வைத்திருந்தார்கள். விருதை உட்கார்ந்தபடியே வாங்கினார். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"பெருமக்களே! நேற்று வரை நாம் அந்நியனிடம் வாங்கினோம். காசு கொடுத்து வாங்கினோம். வெட்கக்கேடு! இன்று நாம் வாங்குவதில்லை. அவனாகக் கொடுக்கிறான், நாம் பெற்றுக்கொள்கிறோம். அவன் நம்மை நம்பி இருக்கிறான். நாம் அவனை நம்பி இல்லை, அவன் தரும் பொருளை மட்டுமே நம்பி இருக்கிறோம். இதற்குப் பெயர்தான் தற்சார்பு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த உற்சாகத்தில் தலைவர் எழுதி வைத்த பேச்சைத் தாண்டிப் போய்விட்டார். மேடையில் உற்சாகம் வந்தால் எதையாவது தடை செய்யாமல் அவரால் இறங்க முடியாது.

"இன்னும் என்ன மிச்சம்? நாடாச் சுருள், ஊசி, திருகாணி! இந்தச் சில்லறை இறக்குமதி நமக்கு எதற்கு? நாளை முதல் அதையும் அடியோடு நிறுத்துகிறேன்!"

பைக்காரர் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எழுந்து எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அதனால் உட்கார்ந்தே இருந்தார்.

விழா முடிந்து, தலைவர் காரில் ஏறப் போகும்போது பைக்காரர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"ஐயா, ஏதாவது ஒண்ணு வாங்கினாத்தான் கொசுறு போடுவாங்க. வாங்குறதையே நிறுத்திட்டா எப்படிங்கய்யா?"

தலைவர் அவர் தோளில் கை போட்டார். "பெருமக்கள் அப்படிப் பழகிட்டீங்க. இனிமே கொசுறை மட்டும் வாங்கிக்கோங்க."

அந்த வாரமே கடைத்தெருவில் ஒவ்வொன்றாகச் சாமான் காணாமல் போயிற்று. பயிற்சி மையத்தில் பெட்டி இல்லை. சேர்ந்த பிள்ளைகள் ஒருவர் செருப்புப் பெட்டியை ஒருவர் மூடி மூடித் திறந்து பழகினார்கள். கூடத்தில் கதை இன்னும் மோசம். மீதிப் பாதிக்குச் சொல்லி வைத்த கொசுறு கிளம்பவே இல்லை. இங்கே இறக்குவதற்குச் சரக்கு இல்லாததால் கப்பல்கள் வருவதை நிறுத்தின. கப்பல் வராததால் இங்கிருந்து நூலும் போகவில்லை. ஜிப்பம்மாவின் தறிகள் நின்றுவிட்டன என்று கைபேசி சொன்னது. பள்ளிக்கூடம் திறக்கிற நாள் கிட்டே வந்துவிட்டது. இப்போதெல்லாம் தைக்கிற பெண்கள் நாளைக்கு வரவேண்டுமா என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார்கள். வந்து, மெஷினைத் துடைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்து போனார்கள். பைக்காரரின் மனைவிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் துணி வெட்டுகிற மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள்.

அப்படி ஒரு நாளில்தான் கூடத்தின் வாசலில் வாரியத்தின் கார் வந்து நின்றது. தலைவர் தாமே இறங்கினார். கையில் பெரிய பயணப் பெட்டி. அதன் ஜிப் பாதியில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு வேட்டியின் கரை வெளியே தொங்கியது.

"ரன்னர் உடைஞ்சு போச்சு," என்றார். முதல் தடவையாக அவர் பெருமக்களே என்று ஆரம்பிக்கவில்லை. "நாளைக்கு வெளிநாடு போறேன். ஊரெல்லாம் தேடிட்டேன். நாட்டிலேயே பெரிய ரன்னர் உற்பத்தியாளர் நீங்கதானேன்னு வந்தேன்."

"எந்த நாட்டுக்குங்கய்யா?"

தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சீனாவுக்குத்தான். தற்சார்பு பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. நம்மளைப் பார்த்து அவங்க கத்துக்கணுமாம்."

பைக்காரர் பெட்டிகளை எல்லாம் கவிழ்த்துக் காட்டினார். ஒரு ரன்னர்கூட இல்லை. விருது வாங்கிய மனிதர் தலைவரின் பெட்டியைத் தையல் நூலை முறுக்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கொடுத்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சீட்டில் முகவரி எழுதி நீட்டினார்.

"அங்க இந்த ஆலையில போய் என் பேரைச் சொல்லுங்கய்யா. அந்தம்மா ஒரு ரன்னர் போட்டுத் தருவாங்க."

"நான் போய் அந்நியப் பொருளை வாங்குறதா? வாரியத் தலைவர்?" தலைவர் முகம் சிவந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கார் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தம்மா கொசுறு போடுவாங்கல்ல?"

"எவ்வளவு கேட்டாலும் போடுவாங்கய்யா."

பைக்காரர் அதைச் சத்தியமாக ஒரு மரியாதைக்குத்தான் சொன்னார்.

தலைவர் கிளம்பிப் போனார். இரண்டு மூன்று நாள் போயிருக்கும். பைகள் பல்லைக் காட்டிக்கொண்டு அடுக்கில் கிடந்தன, பெண்கள் மெஷின்களின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பைக்காரரின் கைபேசி பேச ஆரம்பித்தது. அதே நிதானமான தமிழ்.

"மதிப்பிற்குரிய பைக்காரரே. உங்கள் தலைவர் வந்திருக்கிறார். பெட்டியை நூலால் கட்டியிருக்கிறார். ஒரு ரன்னர் வாங்கினார், பணம் கொடுத்தார், பில் வேண்டாம் என்றார். இப்போது கொசுறு கேட்கிறார். கொசுறைத் தன் பெயரில் விமானத்தில் வாரியத்துக்கே அனுப்பச் சொல்கிறார், அப்போதுதான் யாரும் திறந்து பார்க்க மாட்டார்களாம். எவ்வளவு போடட்டும்?"

பைக்காரர் தலையைச் சொறிந்தார். தலைவருடைய பெட்டிக்கு ஒரு ரன்னர் போதும், உடைந்தால் மாற்ற இன்னொன்று போடலாம் என்று சொல்லத் தொடங்கினார். மனைவி அவர் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவரு பெட்டிக்கு எவ்வளவு வேணும்னு யாருங்க கேட்டா? நம்ம பைக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க. அவரு பேர்ல வந்தா யாரும் திறக்க மாட்டாங்க, வாரியத்துலேர்ந்து நாம எடுத்துட்டு வந்துக்கலாம்."

பிறகு கூடத்தின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "நாளைக்கு எல்லாரும் வந்துடுங்க."